பல்லடத்து வெயிலுக்கு பெரோவ்ஸ்கைட் தாங்குமா?

பல்லடம், சோமனூர் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களின் கூரைகளில் சூரியமின் பேனல் பொருத்தித் தருவது என் தொழில். "ஏனுங்க, அந்தப் புதுப் பேனல் வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமுங்களா?" என்று தறிக்காரர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரோவ்ஸ்கைட் என்னும் படிகத்தால் ஆன சூரிய மின்கலத்தைப் பற்றி.

2009இல் ஜப்பானில் மியாசகா குழுவினர் 3.8 விழுக்காட்டுத் திறனுடன் (அதாவது, மேலே விழும் வெயிலில் மின்சாரமாக மாறும் பங்கு) காட்டிய இந்தக் கலம் இன்று 26 விழுக்காட்டைக் கடந்துவிட்டது. இப்போதைய பேனல்களில் உள்ள சிலிக்கான்மேல் இதை அடுக்கிய இரட்டைக் கலம் 34ஐயும் தாண்டியிருக்கிறது. ஆனால், இந்தச் சாதனை அளவுகள் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோ பரப்புள்ள கலங்களில் எடுக்கப்பட்டவை.

திறன் இவ்வளவு உயர்ந்ததில் பெரும்பங்கு படிகத்துக்குள் எந்த அயனியை (மின்னூட்டம் கொண்ட அணு அல்லது மூலக்கூறை) எங்கே வைப்பது என்ற தேர்வுக்கு உண்டு. ஈயமும் அயோடைடும் கட்டும் கூட்டின் நடுவே முதலில் இருந்தது மெத்தில்அம்மோனியம். அந்தப் படிகம் சுமார் 55 டிகிரி செல்சியஸில் வடிவம் மாறுகிறது. கடுஞ்சூடு நீடித்தால் சிதையவும் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டுவதை நானே அளந்திருக்கிறேன். அப்படியானால் நம் ஊரில் அந்தப் படிகம் நண்பகலில் ஒரு வடிவமும் இரவில் வேறொரு வடிவமுமாக நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும். அதற்கு மாற்றாக வந்த ஃபார்மமிடினியம் சூட்டைக் கூடுதலாகத் தாங்குவதோடு சூரிய ஒளியில் அதிகப் பங்கையும் உறிஞ்சுகிறது. ஆயினும் அளவில் சற்றுப் பெரிதாக இருப்பதால், கருமையான அந்தப் படிகம் அறை வெப்பத்தில் பயனற்ற மஞ்சள் வடிவத்துக்குச் சரிந்துவிடுகிறது. சிறிய அயனியான சீசியத்தைக் கொஞ்சம் கலந்தால் கருமை நிலைக்கிறது. மூன்று அயனிகளையும் சேர்த்த கலவை 2016இல் 21 விழுக்காட்டைத் தாண்டியது இந்த வழியில்தான். பாவில் ஓர் இழை அறுந்தாலும் துணியில் குறை தெரிவதைப்போல, அயோடைடு விடுபட்ட இடங்களும் கலத்தின் திறனைக் குறைக்கின்றன. மேற்பரப்பில் பருத்த கரிம மூலக்கூறுகளைப் பூசி அவற்றை மூடுகிறார்கள்.

ஆகவே, விற்க வருபவரிடம் விழுக்காட்டை மட்டும் கேட்காதீர்கள். அது எந்தப் பரப்பில் அளந்தது, 85 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்த சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்றும் கேளுங்கள். இப்போதைய மின்கட்டணத்தைக் குறைக்கச் சிலிக்கானே போதும். காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. இதிலுள்ள ஈய உப்பு நீரில் ஓரளவு கரையக்கூடியது. சாயக்கழிவால் நொய்யல் கெட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்; என்றைக்கு இந்தப் பேனலை வாங்கினாலும், உடைந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு விற்பவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.