"பத்து நிமிஷம்தானுங்க டாக்டர்"

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற சாலையில், எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் கால்நடை கிளினிக். வாசல் போர்டு மலையாளத்தில், உள்ளே பேச்சு முக்கால்வாசி தமிழில். மாடும் ஆடும்தான் எனக்குச் சோறு போடுகிறவை. ஆனால் சில வருஷமாக வார இறுதி ஆனால் வேறு மாதிரி ஆட்கள் வருகிறார்கள். காரில், நாயோடு, தனியாகக் கிளம்பி வந்தவர்கள். குருவாயூர் போகிறவர், கொச்சி போகிறவர், கோகர்ணம் வரைக்கும் போயே தீருவேன் என்கிறவர். "துணைக்கு இவன் இருக்கானே டாக்டர்" என்பார்கள். நாய் நமக்குத் துணைதான். அந்த நாய்க்குத் துணை யார் என்று கேட்டால்தான் பதில் வராது.

ஒரு ஏப்ரல் மதியம் திருப்பூர்க்காரர் ஒருவர் தன் கோல்டன் ரெட்ரீவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். மேசையில் கிடத்தினேன். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. எச்சில் பசை மாதிரிக் கெட்டிப்பட்டு நூலாகத் தொங்கியது. ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 108 காட்டியது. நல்ல நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இருக்கும்.

"பத்து நிமிஷம்தானுங்க டாக்டர். புரோட்டா சொல்லி வாங்கறதுக்குள்ள... கண்ணாடியக்கூட ரெண்டு விரக்கடை இறக்கித்தான் விட்டுட்டுப் போனனுங்க."

பத்து இருபதாக ஆகியிருக்கும். புரோட்டாக் கடையில் யாருக்கு எது பத்து நிமிஷத்தில் வந்திருக்கிறது? ஆனால் பத்து நிமிஷமே போதும். வெயிலில் நிற்கிற காருக்குள் முதல் பத்து நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், அரை மணி நேரத்தில் 19 டிகிரி. வெளியே 36 என்றால் உள்ளே 46, அப்புறம் 55. இரண்டு விரக்கடை இறக்குவதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாகிறதில்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கும். மூடின காருக்குள் அதன் மூச்சே காற்றை ஈரமாக்குகிறது. ஈரக் காற்றில் எதுவும் லேசில் ஆவியாகாது. இரைக்க இரைக்க உழைப்புதான் மிச்சம், சூடு இறங்காது.

கோயமுத்தூர், திருப்பூர் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. வாளையார் தாண்டினால் கேரளா, கேரளா என்றால் குளுகுளு. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வந்து நின்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற பெரிய இடைவெளி இது. கேரளத்திலேயே அதிகமாகச் சுடுகிற ஊர்களில் ஒன்று, 40 டிகிரியைத் தொடுகிற நாள்கள் உண்டு. திருச்சூர் பக்கம் இறங்கினால் வெயில் கொஞ்சம் தணியும், ஆனால் புழுக்கம் சேர்ந்துகொள்ளும். மூச்சிரைத்தே பிழைக்கிற ஜீவனுக்கு அது இன்னும் மோசம். பக், ஷிட்சூ, பிரெஞ்சு புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் வெயில் காலத்தில் பகல் பயணத்தை நினைக்கவே வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புங்கள்.

நான் பார்த்தவரை, தனியாகப் போகிறவரின் நாய்க்கு வண்டி ஓடுகிறபோது பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. நிறுத்துகிற இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. இரண்டு பேர் போனால் ஒருவர் சாப்பிட, ஒருவர் காவல். தனி ஆளுக்குப் பசிக்கும், அவசரமாக வரும், நாயை எங்கே விடுவது? அதனால் வழியைத் திட்டம் போடும்போதே எங்கே நிறுத்துவது என்பதையும் முடிவு செய்யுங்கள். வெளியே பெஞ்சு போட்ட தட்டுக்கடை, நிழலில் இளநீர் விற்கிற மரத்தடி, அல்லது கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு. பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் போனால் நாயையும் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். கூச்சப்படாதீர்கள், ஒருவர் முறைப்பார், அவ்வளவுதான். வண்டி பம்பரில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். கட்டின நாயைத் தெருநாய்கள் சூழ்ந்தால் அதற்கு ஓட வழியில்லை. கடி பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போட்ட நாய்க்கும் மறுபடி ஊசி வேண்டும். விலக்கப் போய் உங்களுக்குக் கடி பட்டால் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"ஏசி ஓடட்டும்னு இன்ஜினை ஆன்லயே விட்டுட்டுப் போனேன்" என்பவர்களுக்கு ஒரு கதை. ஒரு லேப்ரடார், ஜன்னல் வழியே எஜமானைத் தேடித் தாவினதில் கதவுப் பூட்டு பட்டனை மிதித்துவிட்டது. சாவி உள்ளே, நாய் உள்ளே, ஆள் வெளியே. ஏசி ஓடினதால் நாய் ஜாலியாக இருந்தது. கண்ணாடியை உடைத்த செலவு மட்டும் அவருக்கு.

இறக்கும்போது ஒரே ஒரு விதி. கயிறு கையில் வந்தபிறகுதான் கதவு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதுகளுக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம். சாதாரணப் பட்டை போட்டால் பின்னால் ஒரு இழு இழுத்து உருவிக்கொண்டு போய்விடும். நெஞ்சோடு சேர்த்துப் போடுகிற ஹார்னஸ் வாங்குங்கள். வண்டிக்குள்ளும் அதையே பின் சீட் பெல்ட்டில் மாட்டிவிடலாம். முன் சீட்டும் மடியும் வேண்டாம், ஏர்பேக் வெடித்தால் நாய் தாங்காது.

அப்படியும் சூடு பிடித்துவிட்டால் என்னைத் தேடி ஓடிவருவதற்கு முன்னால் நனையுங்கள். அந்தத் திருப்பூர்க்காரர் இருபது நிமிஷம் காரை விரட்டிக்கொண்டு வந்தார், பின் சீட்டில் ஐந்து லிட்டர் கேன் நிறையத் தண்ணீரோடு. நிழலுக்கு இழுத்து, சாதாரணத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, காற்றுப் பட வைக்க வேண்டும். ஐஸ் வேண்டாம். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அதுவே சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். வாயைக் கட்டவே கூடாது. தெர்மாமீட்டர் 103.5க்கு இறங்கினதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வண்டியை எடுங்கள். எழுந்து வாலாட்டினாலும் கொண்டுவாருங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறைகிற தன்மையும் அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் கையை விரிக்கும். அந்த ரெட்ரீவர் அன்று மாலை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. மறுநாள் காலை வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். மதியம் உயிர் போய்விட்டது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளம்புவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே கொஞ்சமாகக் கொடுத்து முடித்துவிடுங்கள், தண்ணீர் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. தட்டுக்கடை பீஃப் ஃப்ரையில் வெங்காயம் இருக்கும், அது நாய் ரத்தத்துக்கு விஷம். நமக்குக் கொடுக்கிற வாந்தி மாத்திரை, வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். தூங்க வைக்கிற மாத்திரையை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கும் நான் மறுத்துவிடுவேன். சில மயக்க மருந்துகள் உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கிற திறனையே கெடுத்துவிடும். பின்னால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லாத வண்டியில் அது ஆகாது.

பறம்பிக்குளம், டாப்ஸ்லிப் என்று ஆசைப்பட்டால் நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், புலிகள் காப்பகத்துக்குள் வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. அது கெடுபிடிக்காக வைத்த விதி அல்ல. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் செத்த சிங்கங்களில் சிலவற்றின் உடம்பில் நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்குகிறவர்கள் ஒன்றுக்கு விட நாயைக் காட்டோரம் இறக்குவதைப் பார்க்கிறேன். சிறுத்தைக்கு நாய்க்கறி பிடிக்கும், அவ்வளவுதான் சொல்வேன். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் நாய் சோர்ந்து ஈறு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் உதவி வேண்டுமென்றால் போர்டில் மலையாளத்தில் 'மிருகாசுபத்திரி' என்று எழுதியிருக்கும். எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் வாயால் கேட்டாலே வழி காட்டுவார்கள்.

இன்னொன்று. ஒரு மழை நாள் ராத்திரி போன் வந்தது. கார் ஒன்று பனைமரத்தில் மோதி, ஓட்டி வந்தவர் அரை மயக்கத்தில் சீட்டில் சாய்ந்திருந்தார். பின்னாலிருந்து முன் சீட்டுக்குத் தாவியிருந்த ராஜபாளையம் நாய் கதவை நெருங்கின யாரையும் விடவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆளாளுக்கு டைகர், மணி, ஜிம்மி என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாக அவரிடம் மூன்று தடவை கேட்டபிறகு ஒரு சொல் வந்தது, "வெள்ளையா". அந்தப் பேரைச் சொல்லி "வா" என்றதும் காதை மடக்கிக்கொண்டு இறங்கி வந்தது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் 'வா' ஒன்றுதான், நல்லவேளை.

அதற்கப்புறம் என் கிளினிக் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் இரண்டு கோடு சேர்த்து அடித்தேன். கூப்பிடுகிற பேர், என்ன சொன்னால் கேட்கும். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, அடியில் வீட்டு நம்பரையும் எழுதி, ஸ்டியரிங் பக்கத்தில் வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒட்டி அனுப்புகிறேன். போன மாதம் வந்த ஒருவர் இரண்டாவது கோட்டில் "பிஸ்கட்" என்று எழுதினார். அந்த பிஸ்கட் எங்கே இருக்கிறது என்றும் எழுதச் சொன்னேன்.