படிக்காமலே 'ஆம்' அழுத்தும் விரல்

மருந்தைச் சொட்டுச் சொட்டாக ரத்தக்குழாயில் செலுத்தும் இன்ஃபியூஷன் பம்புக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. முதல் பம்பின் திரையை அலுவலக மேசையில், நல்ல வெளிச்சத்தில், வெறுங்கையால் தொட்டுத்தான் சோதித்தோம். குறை எதுவும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு முழுக்க நின்று பார்த்தேன். செவிலியர் கையில் கையுறை. ஒரு கை குழாயைப் பிடித்திருக்கிறது, கண் நோயாளி மேல் இருக்கிறது. 'உறுதி செய்யவா?' என்று திரை கேட்டதும் விரல் தானாக 'ஆம்' மேல் போனது. எண்ணை அவர் பார்க்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மருந்தைத் தொடங்க அதே கேள்வியை நான்கு முறை கேட்கும்படி வைத்தது நாங்கள்தான்.

இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் தெராக்-25 பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1985க்கும் 1987க்கும் இடையில் இந்தக் கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில், ஆபரேட்டர் எலக்ட்ரான் சிகிச்சைக்கான 'ஈ' (E) என்ற எழுத்துக்குப் பதில் எக்ஸ்-ரே சிகிச்சைக்கான 'எக்ஸ்' (X) தட்டிவிட்டு உடனே திருத்தினார். திரை திருத்தத்தைக் காட்டியது. ஆனால் கதிரை வளைக்கும் காந்தங்கள் தயாராக எடுத்த சுமார் 8 விநாடிக்குள் திருத்தம் நடந்துவிட்டதால் உள்ளே அது முழுதாகப் போய்ச் சேரவில்லை. 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்று ஒரு செய்தி வந்தது. அதற்கு என்ன பொருள் என்று கையேட்டில் விளக்கம் இல்லை. அந்த இயந்திரம் அடிக்கடி இப்படி எதையாவது காட்டி நிற்கும், 'பி' விசையைத் தட்டினால் தொடரும். அவரும் தட்டினார். நோயாளிமேல் இரண்டாவது முறை பாய்ந்தது. முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள்.

மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஈசி (IEC) 62366 'பயனர் பிழை' என்று சொல்வதில்லை, 'பயன்பாட்டுப் பிழை' என்றே சொல்கிறது. அந்த ஒரு சொல் மாற்றம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

எங்கள் பம்பில் அந்த நான்கு கேள்விகளில் மூன்றை எடுத்துவிட்டோம். மிச்சமிருப்பது, அளவு வரம்பைத் தாண்டினால் மட்டும் வரும்; வழக்கத்தைவிட எத்தனை மடங்கு என்று சொல்லும்; 'ஆம்' பொத்தான் கிடையாது, எண்ணை மறுபடி தட்ட வேண்டும். 5.0 என்பது அவசரத்தில் 50 ஆகத் தெரியும் என்பதால் கடைசிப் பூஜ்யத்தையும் நீக்கினோம். அலாரத்தில் இப்போது குறியீட்டு எண் இல்லை. 'குழாய் அடைபட்டிருக்கிறது, கிளாம்பைப் பாருங்கள்' என்று வருகிறது.

செவிலியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஏதாவது ஒரு பொத்தானைப் படிக்காமலே அழுத்தப் பழகியிருந்தால், அந்தத் திரையில் இருந்த வாசகத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதிக் கருவிப் பராமரிப்புப் பொறியாளரிடம் கொடுங்கள். 'கைத்தவறு' என்று மட்டும் எழுதிவிட்டால், திருத்த வேண்டிய திரை எது என்று எங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.