பர்ன்-அவுட்: மன அழுத்தமா, பணிச்சோர்வா, கருகலா?

பயிற்சி மருத்துவர் ஒருவர் வேலைப் பளுவில் நொறுங்கிப்போன செய்தியை எழுதும்போது நம் நாளிதழ்கள் பெரும்பாலும் எடுக்கும் சொல் ‘மன அழுத்தம்’. தேர்வு பயத்துக்கும் அதே சொல், கடன் தொல்லைக்கும் அதே சொல், டிப்ரஷன் என்று மனநல மருத்துவர் எழுதித்தரும் நோய்க்கும் அதே சொல். மருத்துவக் கல்லூரி விடுதிகளில் புழங்குவதோ வேறு. அங்கே ‘பர்ன்-அவுட்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்பதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

நேர்ப்பொருள், எரிந்து தீர்ந்து அணைதல். எரிபொருள் தீர்ந்து ராக்கெட்டின் உந்துவிசை நிற்கும் கட்டத்துக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் அது. தொழுநோய் மருத்துவத்தில் இன்னொரு வழக்கு இருந்தது. விரல்களையும் தொடு உணர்வையும் தின்று முடித்தபின் நோய் ஓய்ந்துவிட்டவரை ‘எரிந்து முடிந்த கேஸ்’ என்றார்கள். இனி அவரிடமிருந்து தொற்றாது; ஆனால் போன விரல் போனதுதான்.

இன்றைய பொருளைத் தந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி அமெரிக்கா சேர்ந்த உளவியலாளர். நியூயார்க்கில் பகல் முழுதும் தம் சொந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் ஓர் இலவச மருத்துவமனைக்குப் போய் நள்ளிரவு வரை உழைப்பார். போதைப் பழக்கத்தால் உருக்குலைந்தவர்களைத் தெருவில் ‘பர்ன்-அவுட்’ என்று ஏளனமாகச் சொல்வது அந்நாள் வழக்கம். அவர்களுக்கு மருத்துவம் பார்க்க ஆசையோடு வந்த ஊழியர்களே நாளடைவில் அப்படி ஆவதை அவர் கண்டார். தம்மிடமும் கண்டார். 1974இல் எழுதிய கட்டுரையில், நோயாளிக்கு வைத்த பட்டப்பெயரை எடுத்து ஊழியருக்குச் சூட்டினார். ஆக, இது மருத்துவமனையில் வளர்ந்த சொல். மென்பொருள் நிறுவனங்கள் பிற்பாடு இரவல் வாங்கிக்கொண்டன.

1981இல் உளவியலாளர்களான கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் இதை அளக்க 22 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் மூன்று கூறுகள் உண்டு: உள்ளம் வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல், செய்யும் வேலையில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுதல். முதலாவது யாருக்கும் எளிதில் புரியும். வார்டில் நின்று பார்த்தவர்களுக்கு இரண்டாவதுதான் உறைக்கும். பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் ‘செல்லம்மாள் பாட்டி’யாக இருந்தவர் ஆறாம் மாதத்தில் ‘ஏழாம் நம்பர் கட்டில்’ ஆகிறார். பிறகு வெறும் ‘லிவர் கேஸ்’. அந்த மருத்துவர் கெட்டவராகிவிடவில்லை. அடுத்த நோயாளிக்குக் கொடுக்க அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதைப் பற்றித் தெளிவாகவே எழுதியது. இது நோய் அல்ல, வேலை சார்ந்த நிகழ்வு. பணியிடத்தின் நாள்பட்ட நெருக்கடி உரியபடி கையாளப்படாததால் வருவது. வாழ்க்கையின் வேறு துன்பங்களுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. தமிழாக்கம் செய்பவர் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய வரையறை இது. ‘மன’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இங்கே பொருந்தாது. கோளாறு மனத்தில் இருக்கிறது என்று அது முதல் எழுத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

வேலையின் பக்கம் என்ன இருக்கிறது என்பதை ‘ரெசிடென்ட்’ என்ற இன்னொரு சொல் காட்டும். நாம் உறைவிட மருத்துவர் என்கிறோம். 1889இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது பயிற்சி மருத்துவர்கள் உண்மையிலேயே அங்கேயே குடியிருந்தார்கள். ஓயாத உழைப்பையே பாடமாக வைத்த அறுவை சிகிச்சைப் பயிற்சியை அங்கே வகுத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மரத்துப்போகும் மருந்தாகக் கொகேயினைத் தம் உடலிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர். பிறகு மார்ஃபினைச் சார்ந்தே காலம் கழித்தவர். உலகமே பின்பற்றும் பயிற்சி முறையின் தந்தைக்கு இப்படியொரு ரகசியம் இருந்ததை யாரும் முதல் நாள் வகுப்பில் சொல்வதில்லை.

இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. 1992இல் மத்திய சுகாதார அமைச்சகம் உறைவிட மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம் என்று வழிகாட்டியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்தது வாரம் 74 மணி நேரம். முப்பது ஆண்டுகளில் பரிந்துரையே 26 மணி நேரம் ஏறியிருக்கிறது. அதுவும் ஒரு சலுகையாகத் தோன்றுகிறது என்றால் நடைமுறை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் குழு நடத்திய இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் வந்ததாகத் தெரிவித்தார்கள். (அந்த எண்ணம் உள்ளவர் யாராயினும் டெலி-மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.)

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வரலாம். ‘மனச்சோர்வு’ டிப்ரஷனுக்குப் போய்விட்டது. ‘பணிச்சுமை’ காரணத்தைச் சொல்கிறது, விளைவைச் சொல்லவில்லை. ‘பணிச்சோர்வு’ இருப்பவற்றுள் நல்லது, பலரும் எழுதுகிறார்கள். ஆனால் சோர்வு தூங்கி எழுந்தால் தீரும். பர்ன்-அவுட் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீராது. ‘எரிந்து தீர்தல்’ என்று நேராகப் பெயர்க்கலாம் என்றால், தமிழில் எரிவதெல்லாம் ஏற்கெனவே கோபத்துக்கும் பொறாமைக்கும் போய்விட்டது: எரிச்சல், வயிற்றெரிச்சல், எரிந்து விழுதல்.

என் தேர்வு ‘பணிக்கருகல்’. உழவர்களுக்கு இலைக்கருகல் தெரியும். தண்ணீர் வராத ஆண்டில் டெல்டாவில் குறுவை கருகியது என்று செய்தி படிக்கிறோம். அப்போது பயிருக்கு மன உறுதி போதவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. அணையில் எவ்வளவு நீர் இருந்தது என்றுதான் கேட்கிறோம். வேர் உயிரோடு இருந்தால் தண்ணீர் கண்டதும் துளிர்க்கும் என்பதும் அதே அனுபவம்தான். இலைக்கருகலை நோய் என்கிறார்களே, இதுவோ நோய் அல்லவே என்று கேட்டால், நியாயமான ஆட்சேபம். வறட்சிக் கருகலை நினைத்துக்கொள்ளச் சொல்வேன்.

சீனியர்கள் இளையவர்களுக்குக் குறள் சொல்வதுண்டு: ‘அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்’. அசாவுதல் என்றால் தளர்தல், அழகான பழஞ்சொல். ஆனால் அதே பொருட்பாலில் வலியறிதல் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். டியூட்டிப் பட்டியல் போடும் மேசையில் ஒட்டிவைக்க ஏற்றது இது.

பணிக்கருகலில் இன்னொரு வசதியும் உண்டு. ‘கருகு’ என்பதற்குப் பிறவினை ‘கருக்கு’. ஆங்கிலத்தில் மருத்துவர் தாமாக எரிந்து தீர்ந்துபோனதாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ‘கருக்கியது’ என்று தமிழில் எழுதினால் எழுவாய் தேவைப்படும். 36 மணி நேர டியூட்டி கருக்கியது, நிரப்பப்படாத பணியிடங்கள் கருக்கின, வார்டில் எல்லார் முன்னும் கேட்ட வசவு கருக்கியது என்று அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும்.