வின்ச்: மலையேற்றும் வடத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர்

பழனிக்குப் போய் வந்த யாரைக் கேட்டாலும் வின்ச் என்றால் என்னவென்று சொல்லிவிடுவார்கள். படியேற முடியாதவர்களைத் தண்டவாளத்தின் வழியே மலைமேல் கொண்டுபோய் விடும் பெட்டி. நீலகிரியில் சிங்காரா, கிளன்மார்கன் பக்கத்து மின்வாரியக் குடும்பங்களைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான்: மலைச்சரிவில் ஏறி இறங்கும் டிராலி. ஆனால் பொறியியலில் வின்ச் என்பது அந்தப் பெட்டிக்கான பெயரே கிடையாது. சரிவின் உச்சியில், ஓர் அறைக்குள் இருந்தபடி வடத்தைச் சுற்றி இழுக்கும் இயந்திரத்துக்குத்தான் அந்தப் பெயர். அதன் பெயர் வடத்தோடு இறங்கி வந்து பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது.

இயந்திரம் எளிமையானது. ஓர் உருளை, அதைச் சுழற்ற மின்மோட்டார், வேகத்தைக் குறைத்து இழுக்கும் பலத்தைக் கூட்டப் பற்சக்கரங்கள், வலுவான பிரேக், உருளைமேல் வரிசையாகச் சுற்றிய எஃகுக் கம்பிவடம். வடத்தின் மறுமுனை பெட்டியில் மாட்டியிருக்கும். உருளை ஒரு பக்கம் சுழன்றால் வடம் சுருண்டு பெட்டி ஏறும். மறுபக்கம் சுழன்றால் பெட்டி தன் எடையிலேயே இறங்கும். வடம் அதை இழுத்துப் பிடித்து நிதானமாக விடும். பெட்டிக்குள் எஞ்சின் இல்லை. இயக்குபவர் மேலே இருக்கிறார், சரிவு நீளமாக இருந்தால் பெட்டி அவர் கண்ணிலேயே படாது. மணி அடித்தோ தொலைபேசியிலோ சைகை வந்தால்தான் அவர் இயக்க முடியும். ஆக, வின்ச் என்றால் இழுக்க ஒரு வடம் மட்டும் போதாது, செய்தி சொல்ல ஒரு கம்பியும் வேண்டும்.

ஊட்டி மலை ரயிலோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் உதகை வரைக்கும் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் இழுவிசை எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது. அங்கே செங்குத்தான இடத்திலும் சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடிதான் ஏற்றம். அதைவிடப் பல மடங்கு சாய்வான சரிவில் நேராக ஏற வேண்டுமென்றால் எஞ்சினை மேலேயே நிறுத்திவிட்டு வடத்தை மட்டும் கீழே அனுப்புவதுதான் எளிய வழி.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ‘வின்ச்செ’ என்ற சொல் கப்பியையும் சுற்று உருளையையும் குறித்தது. வளைதல், திரும்புதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்ததாகச் சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். ஆக, அந்தச் சொல்லின் உள்ளே இருப்பது சுற்றுதல்தான். ஏறுதலோ பயணமோ அதில் இல்லை. தமிழில் வின்ச், விஞ்ச் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பேச்சில் பலர் ‘விஞ்சு’ என்பார்கள். மிஞ்சு, மேம்படு என்னும் பொருளில் நம்மிடம் விஞ்சு என்றொரு வினை இருப்பதால், மலையை விஞ்சுவது விஞ்சு என்று அழகாக ஒரு காரணம் சொல்லிவிடலாம். ஆனால் அது வெறும் ஒலி ஒற்றுமை. சொல்லாராய்ச்சியில் இந்த மாதிரி இனிப்பான காரணங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நீலகிரிக்கு இந்தச் சொல் நீர்மின்சாரத்தோடு வந்தது. 1929இல் தொடங்கிய பைக்காரா திட்டத்திலிருந்து 1932இல் மின்சாரம் கிடைத்தது. கிளன்மார்கன் பக்கத்து மேட்டிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்குத் தண்ணீர் சுமார் 3,000 அடி கீழே பாய்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் இரும்புக் குழாய்கள் சாலையைப் போல வளைந்து வளைந்து போக முடியாது, சரிவில் நேராக இறங்க வேண்டும். அப்படிப்பட்ட சரிவில் லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் வேலை இல்லை. குழாய்ப் பாதையை ஒட்டித் தண்டவாளம் போட்டு வின்ச்சில் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் இத்தகைய திட்டங்களின் வழக்கம். கட்டி முடித்த பிறகும் அது ஊழியர்களின் போக்குவரத்துக்கு ஆனது. சாலை வழியாகப் போவதென்றால் மசினகுடிக்கு வந்து, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியாக வேண்டும். வின்ச் ஓடினால் மலைமேல் இருப்பவர்கள் அக்கம்பக்கம், ஓடாவிட்டால் வேறு ஊர். அந்தக் குடும்பங்களின் பேச்சில் இச்சொல் அன்றாடம் புழங்கியதில் வியப்பில்லை.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? சிலர் பாரந்தூக்கி என்கிறார்கள். அது கிரேனுக்கு உரியது. சரிவில் இழுப்பதற்குப் பொருந்தாது. பழனியில் இழுவை ரயில், மின் இழுவை ரயில் என்று எழுதுகிறார்கள். இழுவை நல்ல சொல், எனக்கு மிகவும் பிடித்த சொல்லும்கூட. ஆனால் இழுவைப் படகு இருக்கிறது, இழுவை வலை இருக்கிறது, டிராக்டரையும் இழுவை என்கிறோம். அவை எல்லாம் தாமும் நகர்ந்துகொண்டே இழுப்பவை, அல்லது இழுபடுபவை. வின்ச் நின்ற இடத்தில் நின்று இழுக்கிறது, அதற்குக் காரணம் வடம். பெயரில் அந்த வடம் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

வடம் நமக்குப் புதிதல்ல. தேருக்கு வடம் பிடிக்கிறோம். கோவைப் பக்கத்துக் கிணறுகளில் எருது பூட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றம் இருந்த காலத்தில், எருதுகள் சரிவில் இறங்கும்போது நீர் மொள்ளும் பறியை மேலே இழுத்தது வடக்கயிறு. கப்பி, வடம், சரிவு, இழுப்பு என்று வின்ச்சின் உறுப்புகளுக்கெல்லாம் அந்தக் கிணற்றுமேட்டிலேயே பெயர் இருந்தது. அந்தக் கவலை ஏற்றத்தை ஓய வைத்தது எது என்று பார்த்தால், அதில் பைக்காரா மின்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மலையிலிருந்து கம்பி வழியாக இறங்கிய மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளை ஓட்டியது, தோட்டங்களில் பம்பு செட்டுகளை ஓட்டியது. எருதும் வடக்கயிறும் கிணற்றுமேட்டை விட்டுப் போயின. அதே வடம் என்னும் சொல்லை எஃகுக் கயிற்றுக்குக் கொடுப்பது பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

எஃகு வடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். அதற்கு முன்னால் சுரங்கங்களில் சணற்கயிறும் சங்கிலியும்தான். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போச்சு. கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் தாங்கும். சோதனை செய்பவர் கண்ணில் பிசிறாகத் தெரிந்து முன்னெச்சரிக்கையும் கிடைக்கும். மெல்லிய இழைகளை முறுக்கினால் ஒரு புரி, பல புரிகளை முறுக்கினால் வடம். முப்புரி நூல் என்கிறோமே, அதே புரிதான். இழை, புரி, வடம் என்று ஒவ்வொரு படிக்கும் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பெயர் இருந்தும் பராமரிப்பு அட்டவணைகளில் எல்லாம் ஆங்கிலச் சொல்லாகவே இருந்தால், கிரீஸ் பூசி இழை இழையாகப் பார்க்கும் தொழிலாளிக்குத் தன் வேலையைத் தன் மொழியில் எழுதிவைக்க வழியில்லாமல் போகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

வட இழுவை என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் படிப்பவர் வடக்குத் திசையை நினைத்துவிடுவார். பழனியில் 2004இல் வந்த ரோப் காருக்குக் கம்பிவட ஊர்தி என்ற பெயர் நிலைத்திருக்கிறது. அதையொட்டி, இயந்திரத்தைக் கம்பிவட இழுவை என்றும், அது இழுக்கும் வண்டியை இழுவைப் பெட்டி என்றும் சொல்வேன். ரோப் காரும் இதுவும் உறவு என்பதும் தெரியும், வேறு என்பதும் தெரியும். கம்பிவட ஊர்தி அந்தரத்தில் தொங்குவதால் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுகிறார்கள். தண்டவாளத்தில் போகும் இழுவைப் பெட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. மக்கள் வாயில் இழுவை ரயில் என்று வந்தால் வரட்டும், அதைத் திருத்த வேண்டியதில்லை. ‘வடம் மாற்றும் பணிக்காக இழுவை ரயில் நிறுத்தம்’ என்று செய்தியில் எழுதினால் யாருக்குப் புரியாது?

அப்புறம், மழைக்காலத்தில் குன்னூர் சாலையில் கற்பூர மரம் சாயும்போது ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து கம்பியை இழுத்துக் கட்டுவார்களே, அதுவும் வின்ச்தான். அங்கேயும் கம்பிவட இழுவை என்ற பெயர் அப்படியே பொருந்தும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணியைச் சாயத்தொட்டியில் சுற்றிச் சுற்றி முக்கியெடுக்கும் வின்ச்சுக்கு மட்டும் இது ஒத்துவராது. அதில் வடமே கிடையாது. அதைச் சாய உருளை என்றாலே போதும்.