டிஜிட்டல் ட்வின்: தமிழில் எப்படிச் சொல்வது?

தொழிற்சாலைகளைப் பற்றிய செய்திகளில் ‘டிஜிட்டல் ட்வின்’ இப்போது அடிக்கடி வருகிறது. ஒரு பொருளோடு தரவால் இணைந்தே இயங்கும் அதன் கணினி உருவம்தான் அது. தமிழில் எழுதும்போது ‘மின்னணு நகல்’ என்று போடத்தான் சட்டென்று கை போகும். அதில் இரண்டு சொற்களுமே பொருந்தவில்லை.

முதலில் டிஜிட்டல். லத்தீன் மொழியில் ‘டிஜிட்டஸ்’ என்றால் விரல். விரல் விட்டு எண்ணும் பழக்கத்தால் அது 0 முதல் 9 வரையுள்ள எண்குறிகளுக்கும் பெயரானது. கணினி வந்த பிறகு, எண்களாக மாற்றிக் கையாளும் எதற்கும் அடைமொழியாகிவிட்டது. ஆக, சொல்லின் உயிர் எண்ணில் இருக்கிறது. மின்னணு என்பது எலக்ட்ரானிக்கைக் குறிக்கும் சொல். பழைய வால்வு ரேடியோவும் மின்னணுக் கருவிதான், ஆனால் டிஜிட்டல் இல்லை. ‘எண்’ணிலிருந்தே பிறந்த ‘எண்ணிம’ என்பதே எனக்குப் பிடித்த சொல். ‘இலக்கமுறை’யும் சரிதான், ஆனால் இலக்கத்துக்கு இலட்சம் என்ற பொருளும் உண்டு.

அடுத்தது ட்வின், அதாவது இரட்டை. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, மேலே இருந்த மூவரும் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தரையிலிருந்த பயிற்சிக் கலங்களில் செய்து பார்த்துத்தான் நாசா சொன்னது. இந்தக் கருத்தின் முன்னோடியாக அதைச் சொல்வார்கள். 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ், ஒரு பொருளும் அதன் கணினி உருவமும் வாழ்நாள் முழுக்கத் தரவால் இணைந்திருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். பெயர் அப்புறம்தான் வந்தது. அதைச் சூட்டியவர் நாசாவின் ஜான் விக்கர்ஸ்.

ஆலையில் இது என்ன செய்கிறது? ஒரு மோட்டாரின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் அதிர்வையும் சூட்டையும் அளக்கும் சென்சார் இருக்கிறது என்று வையுங்கள். அந்த அளவுகள் நொடிக்கு நொடி கணினியில் உள்ள மோட்டாருக்குப் போகின்றன. இதே போக்கில் ஓடினால் பேரிங் எப்போது தேயும் என்று அது கணக்குப் போட்டு, ‘வேகத்தைக் குறை’ என்று உண்மையான மோட்டாருக்கே கட்டளை அனுப்புகிறது. ஜெர்மனியின் ஆம்பெர்க் நகரில் 1989 முதல் இயங்கும் சீமென்ஸ் ஆலை இந்த முறைக்குப் பெயர் பெற்றது. உற்பத்தி வரிசையை முதலில் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பிழை திருத்துகிறார்கள்.

தரவு எந்தப் பக்கம், எப்படிப் போகிறது என்பதை வைத்தே துறையில் மூன்று சொற்களைப் பிரிக்கிறார்கள். தரவைக் கையால் ஏற்றினால் அது எண்ணிம மாதிரி. பொருளிலிருந்து கணினிக்கு மட்டும் தானாகப் போனால் எண்ணிம நிழல். இரு பக்கமும் தானாகப் போய் வந்தால்தான் இரட்டை. எடுத்த கணத்தோடு நகல் நின்றுவிடும். இரட்டை அப்படி நிற்பதில்லை.

நம் இலக்கணம் இங்கே அருமையாகக் கைகொடுக்கிறது. ‘பாம்பு பாம்பு’ அடுக்குத்தொடர். பிரித்தாலும் பொருள் தரும். ‘சலசல’ இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருளில்லை. அதுபோலவே, மோட்டாரோடு உள்ள தொடர்பை அறுத்தால் கணினி உருவமும் வெறும் மாதிரியாகிவிடும். அதனால்தான் ‘இணை’, ‘பிரதி’ எல்லாவற்றையும்விட ‘எண்ணிம இரட்டை’ பொருந்துகிறது என்கிறேன். பன்மையில் ‘எண்ணிம இரட்டைகள்’ என்று எழுதலாம். ‘இரட்டையர்’ மனிதர்களுக்கு உரியது.