‘எனக்குக் கடனே இல்லைங்க மேடம்’: வீட்டுக் கடனும் மனைவியின் சிபிலும்

கிருஷ்ணகிரியில் என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும் பெண்கள் பலர் இந்த வரியைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். “எனக்குக் கடனே இல்லைங்க மேடம். ஒரு பைசா யார்கிட்டயும் வாங்கினதில்லை.” பக்கத்தில் கணவர் தலையாட்டுவார். நான் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்புவேன். சிபில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் -1 என்று இருக்கும்.

“மைனஸா? நான் என்னங்க தப்பு பண்ணேன்?”

தப்பு ஒன்றும் இல்லை. ஒருவர் வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்பதைப் பார்த்து சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் போடுவதுதான் சிபில் மதிப்பெண். அது 300-ல் தொடங்கி 900-ல் முடியும். -1 அந்த அளவுகோலிலேயே சேராது. ‘இவரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை’ என்பதுதான் அதற்குப் பொருள். கடன் வாங்கிக் கட்டாமல் விட்டவருக்கு 540, 580 என்று வரும். கடனே வாங்காதவருக்கு -1. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும் இல்லை, ஃபைல் வாங்க வருகிற ஏஜென்டுகளும்தான்.

16 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். இப்போது வீட்டுக் கடன் ஃபைல் தயார் செய்து கொடுக்கிறேன். கணவர் பெயரில் பைக் லோன், பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு என்று பக்கம் பக்கமாக இருக்கும். மனைவிக்கு வெற்றுத் தாள். வீட்டில் கடன் புழங்கவில்லை என்று அர்த்தமில்லை. அடகு வைத்த நகை அவளுடையது, ரசீது அவர் பெயரில். ஃபிரிட்ஜ் தவணை அவள் சம்பளத்தில் போகிறது, ஒப்பந்தம் அவர் பெயரில். அவர் கார்டோடு சேர்த்து அவளுக்கு வாங்கிக் கொடுத்த ‘ஆட்-ஆன்’ கார்டில் அவள் எவ்வளவு செலவு செய்து கட்டினாலும், பொதுவாக வரவு வைக்கப்படுவது அவர் கணக்கில்தான்.

போன வருடம் வந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணவர் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரி பாகக் கம்பெனியில் வேலை. கைக்கு வருவது 38,000. பைக் தவணை 3,200. மனைவி ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருக்கிறார், 17,000. காவேரிப்பட்டினம் பக்கத்தில் மனை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வீடு கட்ட 25 லட்சம் வேண்டும்.

முதலில் அவர்கள் போன இடத்தில், “மேடம் பேரை எடுத்துடுங்க சார், உங்க ஸ்கோர் 760 இருக்கு, ஈசியா முடிஞ்சிடும்” என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்கு போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். எல்லாத் தவணையும் சேர்ந்து கைச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பல வங்கிகள் வைத்திருக்கும் உத்தேச அளவு. 38,000-ல் பாதி 19,000. பைக் தவணை போக 15,800. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக அவர் சம்பளத்துக்கு மட்டும் 18 லட்சம் கிடைக்கும். மனைவி சம்பளத்தையும் சேர்த்தால் 55,000, பாதி 27,500, பைக் போக 24,300, கடன் 28 லட்சம் வரை போகும். மனைவி பேரை எடுத்தால் கூரை வரைக்கும் வராது, லிண்டல் மட்டத்தில் நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பத்திரத்தில் இருந்தது. மனை மனைவியின் பெயரில். மனைவியின் அப்பா சீர்வரிசையாகக் கொடுத்த பணத்தில் வாங்கியது. சொத்துக்கு யார் உரிமையாளரோ அவர் கடனில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று வங்கிகள் கேட்கும். கடனில் சேருகிறவர் சொத்தில் பங்குதாரராக இருந்தே தீர வேண்டும் என்பது கிடையாது. ஆனால் சொத்து உள்ளவரை விட்டுவிட்டுக் கடன் இல்லை. எடுக்கச் சொன்னவர் பத்திரத்தைப் பிரித்தே பார்க்கவில்லை.

இப்போது இந்த மாதிரி ஃபைல் கூடுதலாக வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. நம் பக்கத்து மனைகள் பல அந்த மதிப்புக்குள் அடங்கிவிடும். நல்ல சலுகை, நானே சொல்லி அனுப்புகிறேன். ஆனால் பெண் பெயரில் பத்திரம் போட்ட அன்றே, நாளைக்கு வீடு கட்டக் கடன் வாங்கும்போது அந்தப் பெண்ணின் சிபில் மேசைக்கு வரும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, -1 இருந்தால் வங்கி என்ன செய்யும்? இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் இருவரில் குறைந்த மதிப்பெண்ணை எடுப்பார்கள். சில இடங்களில் வருமானம் அதிகம் உள்ளவருடையதை எடுத்துக்கொண்டு, மற்றவரிடம் பாக்கி இல்லாமல் இருந்தால் போதும் என்பார்கள். சில வங்கிகளின் வட்டி அட்டவணையில் -1க்குத் தனி வரிசையே உண்டு. அதில் வட்டி கொஞ்சம் ஏறலாம். அரை சதவீதம் சின்ன விஷயமாகத் தெரியும். 25 லட்சத்துக்கு அது மாதம் சுமார் 800 ரூபாய், 20 வருடத்தில் ஏறக்குறைய 1.9 லட்சம். ஆகவே ‘கிடைக்குமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘என் மனைவிக்கு ஸ்கோர் இல்லாததால் வட்டி மாறுமா, எவ்வளவு’ என்று கேளுங்கள். பெண் முதல் விண்ணப்பதாரராகவும் சொத்தில் உரிமையாளராகவும் இருந்தால் 0.05 சதவீதம் குறைக்கிற வங்கிகளும் இருக்கின்றன. அதையும் கேளுங்கள்.

மனைவிக்கு ஸ்கோர் இல்லை என்று முகத்திலடித்தாற்போல் திருப்பி அனுப்பினால் ஒன்று சொல்லலாம். ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில், முதல் முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் நிராகரிக்க வேண்டாம் என்று கடன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் நிதியமைச்சகம் நாடாளுமன்றத்திலும் இதைச் சொன்னது. ஆனால் நிராகரிக்கக் கூடாது என்பது வேறு, கொடுத்தே ஆக வேண்டும் என்பது வேறு. வருமானம், வேலை, சொத்தின் லீகல் என்று வங்கி பார்க்க வேண்டியது எல்லாம் அப்படியேதான் இருக்கும். கவுன்டரில் நின்று சண்டை போட இது உதவாது. மேலதிகாரிக்குக் கடிதம் எழுத உதவும்.

அந்தப் பெண்ணிடம், “உங்க பேர்ல என்னென்ன காகிதம் இருக்கோ எல்லாத்தையும் கொண்டாங்கம்மா” என்றேன். மறுநாள் ஜவுளிக் கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றோடு வந்தார். அதற்குள் எல்ஐசி ரசீதுகள், அஞ்சலக ஆர்டி புத்தகம், ரப்பர் பேண்டு போட்ட சீட்டு நோட்டு. லைனில் கூட வேலை செய்கிற பத்துப் பேர் சேர்ந்து போடும் சீட்டு. மூன்று வருடம், மாதம் 3,000, ஒவ்வொரு வரியிலும் தேதி போட்டுக் கையெழுத்து, ஒரு மாதம் தவறவில்லை. என் 16 வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான கணக்கை வைத்திருந்த வாடிக்கையாளர் குறைவு. இதை வங்கியில் கொடுத்தால் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்.

ஆனால் அந்தச் சீட்டுப் பணத்தை அவர் கையில் கொடுக்கவில்லை. தன் சம்பளக் கணக்கிலிருந்து சீட்டு நடத்துகிற அக்காவுக்கு மாதம் 8-ம் தேதி போனில் அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் வங்கி ஸ்டேட்மென்டில் 36 வரி இருக்கிறது! வாடகையும் அவர் கணக்கிலிருந்துதான் போகிறது. அதையே பிடித்தோம். ஒரு வருட ஸ்டேட்மென்ட், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக், எல்ஐசி ரசீது, ஆர்டி புத்தகம், கூடவே ‘இவர் மாதம் இன்ன தொகையை இத்தனை மாதம் தவறாமல் அனுப்பியிருக்கிறார்’ என்று அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு. வேறொரு வங்கியில் கடன் அதிகாரி அதைப் படித்துவிட்டு வீட்டுக்கே நேரில் வந்து பேசினார். 25 லட்சம் சாங்ஷன் ஆனது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளத்தைக் கையில் வாங்கி, வாடகையைக் கையில் கொடுத்து, சீட்டையும் கையில் கட்டியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

தர்மபுரிப் பக்கத்து ஃபைல்களில் வேறு கதை. ‘கடனே இல்லை’ என்கிற பெண்ணுக்கு சிபிலில் ஒன்றும் இருக்காது, இன்னொரு நிறுவனத்தின் அறிக்கையில் நான்கு கடன் இருக்கும். நாட்டில் சிபில் ஒன்று மட்டும் இல்லை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மேலும் மூன்று இருக்கின்றன. நுண்கடன் நிறுவனங்கள் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் கொடுத்து, வாரா வாரம் சென்டரில் கூடிக் கட்டுகிற குழுக்கடன்கள் அந்தப் பதிவுகளில் ஏறுகின்றன. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு அப்படித்தான் 1,140 ரூபாய் பாக்கி என்று வந்தது. “அது நான் வாங்கினதில்லைங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்காக என் பேர்ல எடுத்துக் கொடுத்தது” என்றார். பணம் அக்காவுக்குப் போனது, பெயர் இவருடையது. ஷூரிட்டி கையெழுத்தும் இப்படித்தான். கொழுந்தனார் டிராக்டருக்குப் போட்ட கையெழுத்து உங்கள் அறிக்கையில் ஜாமீன்தாரர் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். அவர் டியூ தவறினால் உங்களுக்கு அடி.

இதே தர்மபுரி மாவட்டத்தில், கிருஷ்ணகிரி பிரியாமல் ஒன்றாக இருந்த 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. நம் அம்மாக்கள் காலத்திலிருந்து குழுவில் வாங்கிக் குழுவில் கட்டுகிறோம். ஆனால் சுய உதவிக் குழுவுக்கு வங்கி கொடுக்கும் கடன் குழுவின் பெயரில் ஓடுகிறது. 15 வருடம் ஊக்குநராக இருந்து பாக்கியில்லாமல் கட்டிய பெண்ணின் தனி அறிக்கை காலியாக வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒழுங்காகக் கட்டிய குழுக்கணக்கு உதவிக்கு வருவதில்லை. அக்காவுக்காக எடுத்த 1,140 மட்டும் வந்து நிற்கிறது. இது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

அந்த 1,140-ஐக் கட்டி, நிறுவனத்திடம் ‘பாக்கி இல்லை’ சான்று வாங்கி, பதிவைத் திருத்தச் சொல்லி மனு போட்டோம். கடன் கொடுத்தவர்கள் கடன் விவரங்களை இந்த நான்கு நிறுவனங்களுக்கும் 15 நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. முன்பு மாதம் ஒருமுறை. திருத்தக் கேட்டு 30 நாளில் தீர்க்கவில்லை என்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மனு போட்ட தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஃபைலை வாரக்கணக்கில் நிறுத்தும்: இனிஷியல். பான் கார்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பத்திரத்தில் ‘இன்னாரின் மனைவி’. ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவாகப் பிரிந்து கிடப்பதும், நல்ல கடன் ஒரு பக்கமும் வெற்றுத் தாள் ஒரு பக்கமும் இருப்பதும் நடக்கிறது. பானையும் ஆதாரையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு அப்புறம் வங்கிக்குப் போங்கள்.

வீடு கட்ட ஆரம்பிக்க எட்டு மாதமாவது இருக்கிறது என்றால் மனைவி பெயரில் ஒரு வரலாற்றை உண்டாக்க நேரம் இருக்கிறது. எனக்குப் பிடித்த வழி, அவர் பெயரில் ஒரு சின்ன நிரந்தர வைப்பு போட்டு, அதன் மேல் வங்கி கொடுக்கிற கிரெடிட் கார்டு வாங்குவது. வருமானச் சான்று பெரிதாகக் கேட்க மாட்டார்கள். மாதம் மளிகைக்கோ கேஸுக்கோ மட்டும் தேய்த்துவிட்டு, கெடு தேதிக்கு முன் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். ஆறு மாதம் ஓடினால் மதிப்பெண் தெரிய ஆரம்பிக்கும். எப்படியும் நகை வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் அடகுக் கடைக்குப் போகாமல் வங்கியில், அவர் பெயரிலேயே வையுங்கள், அதுவும் பதிவாகும். ஸ்கோர் வரட்டும் என்று தேவையில்லாத போனைத் தவணையில் வாங்குவதும், ஆப்பில் 5,000 கடன் எடுப்பதும் வேண்டாம். ஒரே வாரத்தில் நான்கு வங்கியில் விண்ணப்பிப்பதும் வேண்டாம். ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும்; கடனுக்கு அலைகிறார் என்று அடுத்த வங்கி நினைக்கும்.

நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இருவரும் அவரவர் பெயரில் எடுத்துப் பாருங்கள். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

மனைவியைக் கடனில் சேர்க்கும்போது அவருக்கு ஒன்றை விளக்கிச் சொல்லுங்கள். நான் தனியாக உட்காரவைத்துச் சொல்வதும் இதுதான். கோ-அப்ளிகண்ட் என்றால் பாதிக் கடனுக்குப் பொறுப்பு இல்லை, முழுக் கடனுக்கும் பொறுப்பு. கணவர் தவணை கட்டாமல் விட்டால் இருவர் அறிக்கையிலும் ஏறும். நாளைக்கு இருவருக்கும் ஒத்துவராமல் போனாலும் வங்கி இருவரையும்தான் கேட்கும். கடனில் பெயர் போடுகிறவர் பத்திரத்திலும் பெயர் வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். சில கணவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

கட்டிய வீடோ மனையோ கடனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பணம் கொடுத்து மூன்று மாதக் கெடுவில் அக்ரிமென்ட் போட்டுவிட்டு, 40 நாள் கழித்து மனைவியின் சிபிலைப் பார்க்க வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். கெடு தாண்டினால் முன்பணம் போய்விடும் என்று அதில் எழுதியிருக்கும். ‘வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால், அறிக்கை இரண்டும் கைக்கு வரும்வரை அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.