சத்தமில்லாத ஹீட்டரும் கருகும் பிளக்கும்

குளிர் தொடங்கியதும் கருகிய பிளக்குகளும் உருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டிகளும் பழுதுபார்க்க வந்துவிடுகின்றன. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஆயில் ஹீட்டர்தானே, சத்தமே இல்லை, கரண்டும் அதிகம் இழுக்காதாமே?"

இழுக்கும். 1500 வாட் என்று போட்டிருந்தால், ஆயில் வகையோ விசிறி வைத்ததோ செராமிக்கோ, ஓடும் நேரத்தில் 1500 வாட்தான். மணிக்கு ஒன்றரை யூனிட், அத்தனையும் வெப்பமாக அறைக்குள் வரும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிபொருள் அல்ல; அது எரிவதுமில்லை, குறைவதுமில்லை, நிரப்பவும் வேண்டாம். சூட்டைத் தேக்கிவைத்து மெல்ல விடுவதுதான் அதன் வேலை. வேண்டிய சூடு வந்ததும் ஹீட்டரைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் அணைத்த பிறகும் தகடு சுடுவதைப் பார்த்து 'சும்மாவே சூடு வருகிறது' என்று நம்பிவிடுகிறார்கள். முதல் அரை மணி நேரம் அறையைச் சில்லென்று விட்டுவிட்டுத் தான் சேர்த்துக்கொண்ட சூட்டைத்தான் அது பிறகு திருப்பித் தருகிறது. பில் குறைய வேண்டுமானால் கதவிடுக்கை அடையுங்கள், தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி இறக்குங்கள்.

இந்த நம்பிக்கையால்தான் ஹீட்டர் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குப் போகிறது. 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், அது தாங்குவது 6 ஆம்பியர்தான் என்றுகூட இருக்கலாம். பிளக் இறுக்கமாக உட்காராத இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தாலே அங்கே 15 வாட் வெப்பம் பிறக்கும். அது ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு. கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி காப்பாற்றாதா என்றால், காப்பாற்றாது. லூஸ் காண்டாக்டால் கரண்ட் கூடுவதில்லை, அதனால் எம்சிபிக்கு எதுவும் தெரியாது. சுவரில் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டில் நேராகச் செருகுங்கள். அரை மணி கழித்து அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லையென்றால் அந்த சாக்கெட்டை மாற்றும்வரை ஹீட்டர் வேண்டாம்.

இனி சத்தம். படுக்கையறைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் பரிந்துரைத்த அளவு 30 டெசிபல். விசிறி ஹீட்டர்கள் பெரும்பாலும் 40ஐத் தாண்டும். தூங்கும் அறைக்கு அவை வேண்டாம். பெட்டியில் டெசிபல் போட்டிருந்தால் எந்த வேகத்தில், எத்தனை மீட்டர் தள்ளி அளந்தார்கள் என்று பாருங்கள். அது இல்லாத எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஆயில் ரேடியேட்டரும் விசிறியில்லாத பேனல் ஹீட்டரும் அமைதியானவை. ஆனாலும் சூடேறும்போது உலோகம் விரிந்து 'டிக் டிக்' என்னும். சாதாரண தெர்மோஸ்டாட் ஒவ்வொரு தடவையும் 'க்ளிக்' போடும். இலேசாகத் தூங்குபவருக்கு இந்த க்ளிக்தான் தொல்லை. 600, 900, 1500 என்று படிகள் உள்ளதை வாங்கி, தூங்கும்போது சிறிய படியில் வைத்தால் அணைந்து அணைந்து எரிவது குறையும். புது ஆயில் ஹீட்டர் கொதிப்பதுபோல் ஒலித்தால் பயப்பட வேண்டாம்: படுக்கவைத்துக் கொண்டுவந்திருப்பார்கள், சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

அளவு: சாதாரண உயரக் கூரைக்குச் சதுர அடிக்கு 10 வாட் என்று தோராயமாகக் கணக்கிடலாம். 120 சதுர அடிக்கு 1200 வாட். சாய்ந்தால் அணையும் சுவிட்சும், அதிகச் சூட்டில் அணையும் வசதியும் இல்லாததைத் தொடவே வேண்டாம். திரை, போர்வையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். துணி காயப்போடாதீர்கள். சிவந்து எரியும் ஹாலஜன், குவார்ட்ஸ் வகைகளும் சத்தமில்லாதவைதான். விழித்திருக்கும்போது மட்டும் போடுங்கள்.

'எலக்ட்ரிக் ஹீட்டர் ஆக்ஸிஜனைக் குடித்துவிடும்' என்று பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மின் ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை. 10 டிகிரி காற்று 20 டிகிரியானால் ஈரப்பதம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தொண்டை வறள்வது அதனால்தான். ஆக்ஸிஜனை எரிப்பது கரி. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்தால் எழுந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது தூங்குபவரை எழுப்பாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதும் போதாது. தயவுசெய்து, படுக்கப் போகும் முன் அந்த அடுப்பை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். கங்கு சாம்பல் பூத்து அணைந்ததுபோலத் தெரிந்தாலும் வெளியே வையுங்கள்.